இரண்டு வருஷக் காங்கிரஸ்காரர்

தலைப்பைப் பார்த்துவிட்டுக் கதர்ச்சட்டையும் கோஷ்டிப் பூசலும் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரே ஒரு தவணை உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போன ஒருவரின் கதை. அங்கே பிரதிநிதிகள் சபையில் ஒரு தவணை என்பது வெறும் 2 வருஷம். முதல் வருஷம் கழிவறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் முடிந்துவிடும், இரண்டாவது வருஷம் அடுத்த தேர்தலுக்குக் காசு திரட்டுவதில் போய்விடும் என்று சொல்வார்கள்.

2009 நவம்பர் 7, சனிக்கிழமை இரவு. ஹூஸ்டனில் எங்கள் அபார்ட்மென்டில், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு சோபாவில் சாய்ந்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் மழையில் மாடிப்படியில் வழுக்கியதன் பலன். ஆஸ்பத்திரியில் அரை நாள் இருந்ததற்கு, கட்டுப் போட்டவர் ஒரு பில், எக்ஸ்ரே எடுத்தவர் ஒரு பில், அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தவர் ஒரு பில் என்று தவணை முறையில் வந்துகொண்டிருந்தன. கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தும் இந்த நிலைமை. அதனால், ஓட்டுரிமை இல்லாத எச்-1பி வேலை விசா ஆசாமியான எனக்கு, அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா மேல் திடீரென்று அக்கறை வந்திருந்தது.

சபை நடவடிக்கைகளை சி-ஸ்பான் என்ற சேனலில் நேரடியாகக் காட்டுவார்கள். பழைய தூர்தர்ஷனின் ‘வயலும் வாழ்வும்’ அதைவிட விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அன்று இரவு கண்ணை எடுக்க முடியவில்லை. திரையில் கட்சிவாரியாகக் கட்டம் போட்டு ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று எண்கள் ஏறிக்கொண்டே போயின. ஒபாமாவின் ஜனநாயகக் கட்சியிலேயே 39 பேர் எதிர்த்துவிட்டார்கள். எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் ஆதரவுக் கட்டத்தில் மட்டும் ஒரு பூஜ்யம் அசையாமல் நின்றது. மசோதா நிறைவேற 218 வேண்டும். 218 ஆனது. சபையில் கைத்தட்டல். அதற்குப் பிறகு அந்தப் பூஜ்யம் 1 ஆக மாறியது.

முடிவு 220-க்கு 215. எனக்கு மசோதாவைவிட அந்த ஒன்று யார் என்பதுதான் குடைந்தது. 177 பேர் இருக்கும் கட்சியில் 176 பேர் ஒரு பக்கம், ஒருவர் மட்டும் இன்னொரு பக்கம். நம் நாட்டில் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போய்விடும். அங்கே அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. கொறடாவால் கெஞ்சலாம், மிரட்டலாம், அடுத்த தேர்தலுக்குக் காசு தராமல் இருக்கலாம். அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரும்பாலும் போதுமானதாக இருக்கும்.

மறுநாள் பேர் தெரிந்தது. ஜோசப் காவ். லூசியானா மாநிலத்தின் 2-ஆவது தொகுதி, அதாவது நியூ ஆர்லியன்ஸ் நகரம். முழுப்பெயர் ஆன் குவாங் காவ். காவ் என்பதன் முதல் எழுத்தை அமெரிக்கர்கள் ‘கப்பல்’ க-வாக உச்சரித்து, பிறகு திருத்தப்பட்டு, ‘கங்கை’ க-வுக்கு மாறுவார்கள். தமிழில் எழுதும்போது அந்தச் சிக்கலே இல்லை. காங்கிரஸில் உட்கார்ந்த முதல் வியட்நாமிய அமெரிக்கர் இவர்தான்.

1967-இல் சைகோனில் பிறந்தவர். அப்பா தென் வியட்நாம் ராணுவத்தில் அதிகாரி. 1975 ஏப்ரல் கடைசியில் வட வியட்நாமின் கம்யூனிஸ்டுகளிடம் சைகோன் வீழ்ந்தபோது பையனுக்கு 8 வயது. கூடப்பிறந்தவர்கள் துணையோடு, அம்மா இல்லாமல் விமானம் ஏறினான். அம்மா மற்ற பிள்ளைகளோடு பின்தங்கிவிட்டார். அப்பாவைப் புதிய அரசு ‘மறுகல்வி முகாம்’ என்று பேர் வைத்த சிறையில் ஏழு வருஷம் அடைத்து வைத்தது. பையன் அமெரிக்காவில் உறவினர் வீட்டில் வளர்ந்தான். கொஞ்ச காலம் இண்டியானா, பிறகு ஹூஸ்டன். ஆமாம், நான் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த அதே ஹூஸ்டன். டெக்சஸின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்தார்.

ஆறு வருஷம் போல குருமட வாழ்க்கை. நியூயார்க்கில் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முதுகலை. மெக்சிகோவில் ஏழைகளிடையே ஊழியம். நியூ ஆர்லியன்ஸின் லயோலா பல்கலைக்கழகத்தில் தத்துவம், அறவியல் வகுப்புகள். அப்புறம், குருப்பட்டம் பெறுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார். கொஞ்ச நாள் வியட்நாமிய அகதிகளுக்கு உதவும் அமைப்பு ஒன்றில் வேலை, பிறகு அதே லயோலாவில் சட்டப் படிப்பு, கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள், குடிவரவு வழக்குகள் பார்க்கும் சின்ன வக்கீல் அலுவலகம். இதுவரை படித்தால் அரசியலுக்கு வருவார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாமியாராகவே இருந்திருக்கலாம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அரசியலுக்கு இழுத்து வந்தது தண்ணீர்.

சில வருஷம் கழித்து ஒரு பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் போனபோது, எல்லோரும் போகும் பிரெஞ்சு குவார்ட்டரை ஒரு மாலையில் முடித்துக்கொண்டு, மறுநாள் விடிகாலை காரை எடுத்துக்கொண்டு கிழக்கே போனேன். செஃப் மென்ட்யோர் நெடுஞ்சாலையில் ஊரே முடிந்துவிட்டதோ என்று நினைக்கும்போது வருகிறது வெர்சாய். பிரெஞ்சு அரண்மனைப் பேரில் இருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பால் வந்த பேர். 1975-இல் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஹானன் அகதிகளை அழைத்துக் குடியமர்த்திய இடம். பெரும்பாலும் வட வியட்நாமிலிருந்து 1954-இல் தெற்கே ஓடிவந்து, 1975-இல் அங்கிருந்தும் ஓடிவந்த கத்தோலிக்கர்கள். ஒரே வாழ்நாளில் இரண்டு தடவை அகதியானவர்கள்.

சனிக்கிழமை சந்தை இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. கூம்புத் தொப்பி போட்ட பாட்டிகள் தரையில் சாக்கு விரித்துக் கீரைக்கட்டு வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு நிமிஷம் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே புரியவில்லை. வள்ளைக்கீரை, சேப்பங்கிழங்கு, பாகற்காய். எல்லாம் வீட்டுக்குப் பின்னாலும் கால்வாய்க் கரையிலும் அவர்களே போட்டது. நான் பாகற்காயைக் கையில் எடுத்து முற்றலா பிஞ்சா என்று பார்த்த விதத்திலேயே ஒரு பாட்டி என்னை ஆள் யாரென்று எடைபோட்டுவிட்டார் என நினைக்கிறேன். ஒரு காய் கூடுதலாகப் போட்டார். அப்புறம் டாங் ஃபூங் பேக்கரியில் வரிசை. மார்டி கிரா திருவிழாக் காலத்தில் ஊர் முழுக்கச் சாப்பிடும் கிங் கேக்குக்கு இன்று நகரத்திலேயே பேர்பெற்ற கடை இந்த வியட்நாமியக் கடைதான். 

2005 ஆகஸ்ட் 29-ஆம் தேதி கத்ரீனா புயலில் இந்த இடமெல்லாம் தண்ணீருக்குள் இருந்தது. காவின் வீடும் மூழ்கியது. நகரத்தின் மற்றப் பகுதிகள் காலியாகக் கிடந்தபோது, ‘வியட்நாமின் அரசி மரியா’ என்ற கத்தோலிக்கக் கோயில் பங்கின் மக்கள் சில வாரங்களிலேயே திரும்பி வந்து கூரையைப் பிரித்துப் போட்டு வேலையை ஆரம்பித்தார்கள். கரண்ட் இல்லை. ஆள் இல்லாத இடத்துக்கு எதற்கு லைன் என்று கேட்டால் காட்டுவதற்காக, பங்குத்தந்தை வியன் வீடு வீடாகப் பெயர்ப் பட்டியல் எடுத்தார். இப்படி ஊர் எழுந்து நிற்கும்போது, 2006 தொடக்கத்தில் மேயர் ரே நேகின், புயல் குப்பையைக் கொட்டுவதற்காக அவசர உத்தரவு போட்டு, குடியிருப்புக்குப் பக்கத்திலேயே ஒரு குப்பைக் கிடங்கைத் திறந்துவிட்டார்.

முப்பது வருஷமாகத் தானுண்டு இறால் வலையுண்டு என்று இருந்த ஜனம். யாரோடும் சண்டைக்குப் போகாதவர்கள். போர்டு எழுதிக்கொண்டு வீதிக்கு வந்தார்கள், கிடங்கின் வாசலில் உட்கார்ந்தார்கள், பாட்டிமார் உட்பட. சட்டப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் காவ். அந்த ஆகஸ்டிலேயே கிடங்கு மூடப்பட்டது. வக்கீலுக்கு அப்போதுதான் ருசி தட்டியிருக்க வேண்டும். 2007-இல் மாநிலச் சட்டசபைக்குச் சுயேச்சையாக நின்றார். ஆறு பேர் போட்டியிட்டதில் ஐந்தாவதாக வந்தார்.

ஐந்தாவதாக வந்தவர் அடுத்த வருஷமே காங்கிரஸுக்குப் போனது எப்படி என்று கேட்டால், அதற்கு ஒரு ஃப்ரீசரைத் திறந்து காட்ட வேண்டும்.

லூசியானா 2-ஆவது தொகுதி கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி. ஜனநாயகக் கட்சிக் கோட்டை என்றால் சாதாரணக் கோட்டை இல்லை. குடியரசுக் கட்சி கடைசியாக அங்கே இருந்தது 1891 வரை. 1990-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லியம் ஜெஃபர்சன் ஒன்பது தவணையாக அந்த இடத்தில் இருந்தார். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய புனரமைப்புக் காலத்துக்குப் பிறகு லூசியானாவிலிருந்து காங்கிரஸுக்குப் போன முதல் கறுப்பின உறுப்பினர். ஏழ்மையிலிருந்து ஹார்வர்டு வரை படித்து வந்தவர். 2005 ஆகஸ்டில், கத்ரீனாவுக்குச் சில வாரம் முன்பு, எஃப்.பி.ஐ. லஞ்சப் புகாரில் அவருடைய வாஷிங்டன் வீட்டைச் சோதனை போட்டது. ஃப்ரீசரில், உணவுப் பெட்டிகளுக்குள் அலுமினியத் தாள் சுற்றி, 90,000 டாலர் இருந்தது. எஃப்.பி.ஐ.யே ஆள் வைத்துக் கொடுத்த, நம்பர் குறித்த நோட்டுகள். ‘குளிர்ந்த பணம்’ என்று அமெரிக்க டிவி காமெடியன்களுக்கு ஒரு வருஷத்துக்குத் தீனி.

அதற்குப் பிறகும் 2006-இல் மக்கள் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி நகரம் ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் சிதறிக் கிடந்தபோது, திரும்பி வந்தவர்கள் தெரிந்த முகத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2007-இல் 16 பிரிவுகளில் குற்றச்சாட்டு பதிவானது. 2008-இலும் நின்றார். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தும்விட்டார்.

இங்கேதான் இன்னொரு புயல். 2008 செப்டம்பர் 1-ஆம் தேதி குஸ்தாவ் புயல் வந்ததால், லூசியானாவில் தேர்தல் அட்டவணை ஒரு மாதம் தள்ளிப்போனது. உட்கட்சி வாக்கெடுப்பின் இரண்டாம் சுற்று நவம்பர் 4-இல் ஒபாமா தேர்தலோடு சேர்ந்து நடந்தது. இறுதிப் போட்டி டிசம்பர் 6-ஆம் தேதி தனியாக வந்து விழுந்தது. நவம்பரில் ஒபாமாவுக்காக வரிசையில் நின்ற அந்தப் பெருங்கூட்டத்துக்கு, வரலாறு படைத்த களைப்பில், டிசம்பர் சனிக்கிழமையில் ஃப்ரீசர் ஜெஃபர்சனுக்காக இன்னொரு தடவை வரிசையில் நிற்க மனம் வரவில்லை. வந்தவர்கள் கொஞ்சம் பேர். அதில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற காவ் 2,000-க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். பொதுத்தேர்தலோடு சேர்ந்து நடந்திருந்தால் அவர் பேரைக்கூட நான் கேள்விப்பட்டிருக்கமாட்டேன்.

அந்த நவம்பரில் நாடு முழுக்க அடிவாங்கிய குடியரசுக் கட்சிக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி இருந்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதியில், ஆசிய அகதி, நம் கட்சியில்! சபையில் அக்கட்சியின் தலைவராக இருந்த ஜான் பேனர் மறுநாளே உறுப்பினர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். தலைப்பு: ‘எதிர்காலம் காவ்தான்.’

கணக்குப் போடத் தெரிந்த யாருக்கும் நிலைமை முதல் நாளே விளங்கியிருக்கும். கட்சி சொல்கிறபடி நடந்தால் தொகுதி தூக்கிவிடும். தொகுதி சொல்கிறபடி நடந்தால் கட்சி காசு தராது. எப்படி நடந்தாலும் 2010 நவம்பரில் எதிரே ஃப்ரீசர் இல்லாத ஒரு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் நிற்பார்.

முதல் சோதனை பதவியேற்ற ஆறே வாரத்தில். ஒபாமாவின் பொருளாதார ஊக்க மசோதா. முதலில் ஆதரிப்பவர் போலப் பேசியவர், கடைசியில் கட்சியோடு சேர்ந்து எதிர்த்தார். பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸுக்குப் போதுமான பணம் அதில் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். புயலில் அடிபட்ட ஊருக்கு வருகிற காசை வேண்டாம் என்றவனைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று உள்ளூர்ப் பாதிரியார்கள் சிலர் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். காங்கிரஸ் உறுப்பினரைத் திரும்ப அழைக்க அமெரிக்க அரசியல் சட்டத்தில் வழியே கிடையாது என்பது வேறு விஷயம். என் கருத்தில் அது அவருடைய மோசமான வாக்கு. புதுப்பையன் வகுப்பில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது தானும் எழுந்து நின்ற மாதிரி.

அப்புறம் ஏதோ மாறியது. சபையில் பேசுவதைவிட அதிகாரிகளைத் துரத்துவதில் இறங்கினார். புயல் முடிந்து நாலு வருஷமாகியும் ஃபெமா என்ற பேரிடர் நிர்வாக முகமையோடு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் எல்லாம் நஷ்டஈட்டுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஏழைகளின் ஆஸ்பத்திரியான சாரிட்டி மூடியே கிடந்தது. அதற்கு எவ்வளவு தருவது என்ற சண்டை நடுவர் குழுவுக்குப் போய், 2010 ஜனவரியில் மாநிலத்துக்குக் கிட்டத்தட்ட 475 மில்லியன் டாலர் என்று தீர்ப்பானது. எந்தத் தலைப்புச் செய்தியும் ஆகாத இந்த ஃபைல் வேலைதான் அவருக்கு உண்மையில் கைவந்தது என்று எனக்குத் தோன்றும். குடிவரவு வக்கீல் அல்லவா, படிவத்தோடு போராடிப் பழக்கம்.

சரி, அந்த நவம்பர் இரவுக்கு வருவோம்.

2009 கோடையிலேயே காவ் தன் நிலையைப் பத்திரிகையிடம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். மருத்துவக் காப்பீடு தொகுதிக்குத் தேவை, தெரியும். ஆனால் கருக்கலைப்புக்கு அரசுப் பணம் போவதை அந்த மசோதா அனுமதித்தால் எதிர்த்து வாக்களிப்பேன். அப்படிச் செய்தால் என் அரசியல் வாழ்க்கைக்கு அதுவே சாவுமணி ஆகலாம், இருந்தாலும் நான் என்னோடு வாழ்ந்தாக வேண்டும். இதைச் சொல்லிவிட்டு ஒரு வசனத்தையும் காட்டினார். நம் ஊர்ச் சுவர்களில் நீல எழுத்தில் பார்த்திருப்பீர்கள்: உலகம் முழுவதையும் ஆதாயப்படுத்திக்கொண்டாலும் தன் ஜீவனை நஷ்டப்படுத்தினால் மனுஷனுக்கு என்ன லாபம் என்று கேட்கும் வசனம்.

நவம்பர் 7-ஆம் தேதி முதலில் மிச்சிகன் மாநில உறுப்பினர் பார்ட் ஸ்டூபக் கொண்டுவந்த திருத்தம் வாக்குக்கு வந்தது. கருக்கலைப்புக்குக் கூட்டாட்சிப் பணம் போகாமல் அடைக்கும் திருத்தம். 240 பேர் ஆதரவோடு நிறைவேறியது. காவைத் தடுத்துக்கொண்டிருந்த கதவு திறந்தது. ஏழைகள் நிறைந்த தொகுதி, மூடிக் கிடக்கும் ஆஸ்பத்திரி. இனி எதிர்க்கக் காரணம் இல்லை. ஆனால் ஒன்று: ஆளுங்கட்சி தன் பலத்தில் 218-ஐத் தொட்ட பிறகுதான் பொத்தானை அழுத்தினார். குடியரசுக் கட்சியின் கொறடா எரிக் கேன்ட்டரும் இதைத்தான் சமாதானமாகச் சொன்னார்: ஜெயிக்க வைத்த வாக்கு அவருடையது இல்லை.

இந்த 218 விவகாரம் எனக்குப் பல நாள் உறுத்தியது. மனசாட்சிக்காரர் எதற்குக் காத்திருக்க வேண்டும்? கோழைத்தனமா, சாமர்த்தியமா? என் ஆபீஸ் நண்பன் ஒருவன், டெக்சஸ்காரன், பரம்பரைக் குடியரசுக் கட்சி, ‘கடைசியில் சாப்பிட உட்கார்ந்துவிட்டு விரதம் இருந்தேன் என்கிறான்’ என்கிற ரீதியில் கிண்டலடித்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் பங்காளிகளுக்குள் சண்டை. உன் பக்கம்தான் நான், ஆனால் சமையல் முடிந்து பந்தி ஆரம்பித்த பிறகு வந்து உட்காருகிறேன் என்று சொல்கிற சித்தப்பாக்கள் உண்டு. வராமலே இருந்துவிட்ட 176 பேரைவிட வந்தவர் வந்தவர்தான். வந்ததற்கு வசவும் வாங்கினார். கட்சிக்காரர்களிடமிருந்து அலுவலகத்துக்குத் திட்டி அழைப்புகள் கொட்டின. கட்சித் தலைமையும் பழைய மாதிரி ‘எதிர்காலம்’ என்று அவரைக் கூப்பிடவில்லை.

அதே வாரம், நவம்பர் 13-ஆம் தேதி, வில்லியம் ஜெஃபர்சனுக்கு 13 வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. (2017-இல் பல பிரிவுகள் ரத்தாகி முன்கூட்டியே வெளியே வந்தார்.)

நாலு மாதம் கழித்து மசோதா மேல்சபையான செனட்டிலிருந்து வேறு உருவத்தில் திரும்பி வந்தது. ஸ்டூபக் திருத்தம் அதில் இல்லை. அதற்குப் பதிலாக ஒபாமா ஒரு நிர்வாக ஆணை போடுவதாக வாக்குக் கொடுத்தார். ஸ்டூபக்கே அதில் சமாதானமாகிவிட்டார். காவ் ஆகவில்லை. 2010 மார்ச் 21-ஆம் தேதி 219-க்கு 212 என்று மசோதா நிறைவேறியபோது, அந்த 212-இல் அவர் இருந்தார்.

ஆக, நவம்பரில் கட்சியின் பகை, மார்ச்சில் தொகுதியின் பகை. இதைவிடக் கச்சிதமாக இரண்டு பக்கமும் அடி வாங்க யாராலும் திட்டமிட முடியாது. நான் மார்ச்சில் அவர் மேல் கோபப்பட்டேன். கருக்கலைப்பு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. தவிர, தொகுதியில் இன்சூரன்ஸ் இல்லாமல் இருப்பவரின் ஜீவனைப் பற்றியும் வேதத்தில் நிறைய இருக்கிறதே என்று தோன்றியது. ஆனால் பழைய பேட்டியை எடுத்துப் படித்தபோது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எட்டு மாதம் முன்னால் என்ன சொன்னாரோ அதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார். சாவுமணி என்பது உட்பட.

மனிதர் எப்போதும் இப்படிக் கனமாகத்தான் இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். 2010 ஏப்ரல் 20-ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. கம்பெனிக்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணற்றை அடைக்க 87 நாள் ஆனது. லூசியானா கடலில் இறால் பிடிப்பவர்களில் கணிசமானோர் வியட்நாமியர்கள். மீன்பிடித் தடை, கடன், ஆங்கிலத்தில் மட்டுமே விளக்கும் நஷ்டஈட்டுக்காரர்கள். ஜூன் மாதம் பி.பி. அமெரிக்காவின் தலைவர் லமார் மெக்கே நாடாளுமன்றக் குழு முன் வந்து உட்கார்ந்தார். மற்ற உறுப்பினர் ஒருவர் ராஜினாமா செய்யச் சொன்னார். காவின் முறை வந்தது. ஆசியக் கலாசாரத்தில் நாங்கள் வேறு மாதிரி செய்வோம், சாமுராய் காலமாக இருந்தால் உங்கள் கையில் ஒரு கத்தியைக் கொடுத்து ஹராகிரி செய்துகொள்ளச் சொல்லியிருப்போம் என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். சாமுராய் ஜப்பான், இவர் வியட்நாம், அதுவும் முன்னாள் சேசு சபைக்காரர், தற்கொலை மகாபாவம். எதையும் யாரும் கேட்கவில்லை. அமெரிக்கா முழுக்க அவர் பேர் தெரிந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

மற்றபடி அந்த வருஷம் அவருடைய வாக்குகளைப் பார்த்தால் கட்சிக் கொடி போட்ட ஆள் மாதிரியே தெரியாது. மே மாதம், ராணுவத்தில் ஓரினச்சேர்க்கையாளர்கள் தங்களை மறைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியை நீக்க ஆதரித்த குடியரசுக் கட்சியினர் ஐந்து பேர், அதில் அவர் ஒருவர். ஜூனில், தேர்தல் விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பவர் யார் என்று வெளிப்படுத்தச் சொல்லும் மசோதாவை அக்கட்சியில் ஆதரித்தவர்கள் இரண்டே பேர், அதில் அவர் ஒருவர். ஒபாமாவை எனக்குப் பிடிக்கும் என்று வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தார். அந்த ஒபாமா, தேர்தல் நெருங்கியதும், எதிர்த்து நின்ற செட்ரிக் ரிச்மண்டுக்காக டிவி விளம்பரத்தில் வந்தார். காவுக்கு வருத்தம். கட்சித் தலைவர் தன் கட்சி வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டதில் என்ன ஆச்சரியம் என்று எனக்குப் புரியவில்லை. அரசியல்வாதி ஆகாமலே இரண்டு வருஷம் அரசியலில் இருந்திருக்கிறார் என்பது புரிந்தது.

2010 நவம்பர் 2. குடியரசுக் கட்சி 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்து சபையைக் கைப்பற்றிய தேர்தல். கட்சிக்கு அப்படியொரு அலை பல பத்தாண்டுகளாக வந்ததில்லை. அந்த அலையிலும் பதவியில் இருந்த அக்கட்சி உறுப்பினர்கள் இரண்டு பேர் தோற்றார்கள். ஒருவர் ஹவாயின் சார்ல்ஸ் ஜூ. இன்னொருவர் காவ், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வாக்குதான். இருவருமே ஆசிய வம்சாவளி, இருவருமே தற்செயலாகத் திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவர்கள்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. வக்கீல் தொழில். 2011-இல் மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நிற்கப் பார்த்து விலகினார். 2016-இல் செனட்டுக்கு 24 பேர் நின்ற கூட்டத்தில் ஒருவராக நின்று சுமார் 1 சதவீதம் வாங்கினார். அந்த 2016 தேர்தலில்தான் ஃபுளோரிடாவில் ஸ்டெஃபனி மர்ஃபி ஜெயித்து இரண்டாவது வியட்நாமிய அமெரிக்க உறுப்பினரானார். அவர் கைக்குழந்தையாகப் படகில் தப்பி வந்தவர், ஜனநாயகக் கட்சி.

ஆனால் நான் தேடிப் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்த காவ், தோற்ற பிறகு இருந்த காவ். தேர்தல் நவம்பரில் முடிந்தாலும் பழைய சபைக்கு ஜனவரி வரை ஆயுள் உண்டு. தோற்றவர்கள் அலுவலக அறையை முன்கூட்டியே காலி செய்து கொடுத்துவிட்டு, பொதுவான ஒரு கூடத்தில் தடுப்பு வைத்த மேசையில் உட்கார்ந்து மிச்ச நாளை ஓட்டுவது அங்கே வழக்கம். 2010 டிசம்பர் 8-ஆம் தேதி ட்ரீம் சட்ட மசோதா வந்தது. சின்ன வயதில் பெற்றோரால் அனுமதியின்றி அமெரிக்காவுக்குக் கூட்டிவரப்பட்டு அங்கேயே வளர்ந்த பிள்ளைகள், கல்லூரிக்கோ ராணுவத்துக்கோ போனால் சட்டப்படி தங்க வழி செய்யும் மசோதா. காவின் கட்சி கடுமையாக எதிர்த்தது. 216-க்கு 198 என்று சபையில் நிறைவேறியது. பத்து நாள் கழித்து செனட்டில் 60 வேண்டிய இடத்தில் 55 மட்டும் கிடைத்துச் செத்துப்போனது.

அந்த 216-இல் குடியரசுக் கட்சியினர் எட்டுப் பேர். பட்டியலில் ஹவாய் ஜூ இருக்கிறார். எட்டு வயதில் அம்மாவைத் தரையில் விட்டுவிட்டு விமானம் ஏறிய காவும் இருக்கிறார். இந்தத் தடவை அவர் எத்தனையாவதாகப் பொத்தானை அழுத்தினார் என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.